அந்த வருத்தத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, கிரவீன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

உங்களில் பலர் என்னை மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ கண்டிருப்பீர்கள். ஓய்வு பெறும்வரை ஆய்வுகூடமொன்றில் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் தொழில் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். நான் வைத்தியர் அல்ல, மருந்து சொல்ல வரவும் இல்லை. உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்க வேண்டும்.

கோபம் இதுதான். நம் வீட்டுப் பெண்ணொருத்திக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நீங்கள் செய்கிற முதல் வேலை, அதை மூடுவது. தமிழ்நாட்டுக்காரர் சினைப்பை என்பீர்கள், மூடுவதில் மட்டும் இரு கரையாரும் ஒன்றுதான். "அவவுக்கு வயித்தில சின்ன ஒப்பரேஷன்" என்று ஊருக்குச் சொல்கிறீர்கள். கீமோதெரபியில் முடி கொட்டினால் ஆறு மாதம் அவள் எந்தக் கலியாணத்துக்கும் வருவதில்லை, கேட்டால் முழங்கால் வலி. செத்தவீட்டில்கூட "கொஞ்ச நாளா ஏலாமல் இருந்தவ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஊருக்குச் சொல்லாதது உங்கள் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஊருக்குச் சொன்ன அதே பொய்யை அவளோடு கூடப் பிறந்த தங்கைக்கும் சொல்கிறீர்களே, கனடாவில் இருக்கும் பெறாமகளுக்கும் சொல்கிறீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தத் தங்கை தன் உயிரைக் காக்க எடுக்க வேண்டிய முடிவொன்றை, தெரிந்துகொள்ளாமலே தவற விடுகிறாள்.

ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். பதில் அந்தக் கட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. பொறுமையாகக் கொஞ்சம் கேளுங்கள்.

நலமான செல்லில் 46 குரோமோசோம்கள், 23 சோடிகள். என் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் பழகுவது அவற்றைச் சோடி சேர்த்து வரிசையாக அடுக்குவதைத்தான். சூலகப் புற்றில் மிகப் பரவலானதும் மிகக் கொடியதுமான வகையை வைத்திய அறிக்கையில் 'ஹை கிரேட் சீரஸ்' என்று எழுதியிருப்பார்கள். அந்த வகைக் கட்டியின் செல்லில் உள்ளவற்றை அடுக்க உட்கார்ந்தால் அடுக்க முடியாது. அறுபது இருக்கும், எழுபது இருக்கும். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஒட்டியிருக்கும். எங்கிருந்து வந்ததென்றே சொல்ல முடியாத துணுக்குகள் ஓரத்தில் கிடக்கும். சரி, இந்தப் புற்றின் உருவம் இதுதான் என்று குறித்துக்கொண்டு அதே கட்டியின் அடுத்த செல்லைப் பார்த்தால், அது வேறு விதமாக உடைந்திருக்கும். ஒரு முறை உடைந்து நின்றுவிடும் நோயல்ல இது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் புதிதாக உடைகிறது. குரோமோசோம் நிலையின்மை என்பது இதுதான். கீமோதெரபிக்குக் கட்டி கரைந்து, ஸ்கேன் சுத்தமாக வந்து, வீட்டில் எல்லோரும் நேர்த்திக்கடன் வைத்த பிறகும் ஓரிரண்டு ஆண்டில் நோய் திரும்புவதற்கு முக்கிய காரணமும் இதுவே. ஆயிரம் விதமாக உடைந்த செல்களில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பிவிடுகிறது.

இப்போது உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஏன் உடைகிறது? எவருடைய கண்ணும் படவில்லை. போன பிறவிப் பாவமும் இல்லை. பிள்ளை பெறாததற்கோ பிந்திப் பெற்றதற்கோ கிடைத்த தண்டனையும் இல்லை. பிள்ளைப்பேறும் பாலூட்டலும் கருத்தடை மாத்திரையும் இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவளைக் குற்றம் சாட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதற் காரணம் அநேகமாக எல்லா ஹை கிரேட் சீரஸ் கட்டிகளுக்கும் பொதுவானது. டிபி53 என்ற மரபணு பழுதாவது. 2011இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணு அட்லஸ் ஆய்வில், மரபணு வரிசை படிக்கப்பட்ட கட்டிகளில் 96 சதவீதத்தில் இந்தப் பழுது இருந்தது. டிஎன்ஏ உடைந்த செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது அந்த மரபணுவின் வேலை. திருத்த முடியாத அளவுக்கு உடைந்திருந்தால் அந்தச் செல்லைச் சாகவும் வைக்கும். அது இல்லாமற் போனால் உடைந்த செல்லும் பிரியும், அதன் பிள்ளையும் பிரியும். இந்தப் பழுது பல பெண்களில் சூலகத்தில் தொடங்குவதுகூட இல்லை. பலோப்பியன் குழாயின் விரல் போன்ற நுனியில், கண்ணுக்குத் தெரியாத சில செல்களில், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஸ்கேனில் முன்கூட்டிப் பிடிபடாதது இதனால்தான். பிரித்தானியாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை ஆண்டுக்கணக்கில் இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் கண்காணித்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வந்தது. அப்படிக் கண்காணித்ததால் இந்த நோயின் சாவுகள் குறையவில்லை. கருப்பை வாய்ப் பரிசோதனை செய்து நல்ல முடிவு வந்ததால் 'எல்லாம் சரி' என்று நினைத்திருக்கும் சகோதரிகளே, அந்தப் பரிசோதனை சூலகத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் டிபி53 போவது உடைவதற்கான அனுமதி மட்டும்தான். உடைப்பது வேறு. எது உடைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், நான் உங்களிடம் கேட்கப் போவது முழுக்க இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஒவ்வொரு செல்லும் பிரியுமுன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது இழை அறுவது நாளாந்தம் நடப்பது. நலமான செல் அதைத் திருத்தத் தெரிந்தது. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் வீட்டில் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் தாள் கிழிந்தால் மற்றதைத் திறந்து, விடுபட்ட வரிகளை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிச் சேர்க்கலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் நடத்தும் வேலை இதுதான். இவற்றில் ஒன்று பழுதானால் செல்லுக்கு இரண்டாம் பிரதியைப் பார்த்து எழுதத் தெரியாது. கிழிந்த விளிம்புகளை இழுத்து வைத்துப் பசை தடவும். நடுவில் நாலு வரி போய்விடும், சில வேளை வேறு அத்தியாயத்தின் தாள் வந்து ஒட்டிவிடும். நாளுக்கு நாள் இப்படியே நடந்தால் நான் நுண்ணோக்கியில் கண்ட அந்தக் குழப்பம் உருவாகிவிடும்.

ஹை கிரேட் சீரஸ் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தத் திருத்தும் வேலை ஏதோ ஒரு விதத்தில் குலைந்திருக்கிறது என்று அதே 2011 ஆய்வு சொன்னது. சிலருக்கு அந்தப் பழுது கட்டிக்குள் மட்டும் இருக்கும், பரம்பரையோடு சம்பந்தமில்லை. சிலருக்குப் பிறக்கும்போதே வந்தது. இந்த இரண்டில் எது என்று பரிசோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. குடும்ப வரலாற்றைக் கேட்டும் சொல்ல முடியாது, சாத்திரியைக் கேட்டும் சொல்ல முடியாது.

இன்னொரு கூட்டம் கட்டிகளில், சுமார் ஐந்தில் ஒன்றில், சிசிஎன்இ1 என்ற மரபணுவின் பிரதிகள் அளவுக்கு மேல் பெருகிவிடுகின்றன. அது செல்லை ஆயத்தமாகுமுன்பே படியெடுக்கத் துரத்துகிறது. அவசரத்தில் படியெடுப்பு பாதியில் நிற்கிறது, நின்ற இடம் உடைகிறது. பார்வைக்கு இரண்டு கூட்டமும் ஒரே நோய்தான். மருந்துக்கு அவை நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. திருத்தத் தெரியாத கட்டியைப் பிளாட்டினக் கீமோதெரபி நன்றாகத் தாக்கும், ஒலாபரிப் போன்ற மாத்திரைகளும் தாக்கும். சிசிஎன்இ1 பெருகிய கட்டி அவற்றுக்கு எளிதில் அடங்குவதில்லை. இவை தவிர, குரோமோசோம்களின் நுனிக்காப்பு தேய்ந்து நுனியோடு நுனி ஒட்டிக்கொள்வது, செல் முழுவதுமே இரட்டித்துவிடுவது, இரண்டாகப் பிரிய வேண்டியது மூன்றாகப் பிரிவது என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றை விவரித்து உங்களைக் களைப்பாக்க விரும்பவில்லை.

இந்த ஆராய்ச்சி முழுவதும் எங்கோ தொலைவில் நடந்ததென்று நினையாதீர்கள். அதில் ஒரு பங்கு, இலகு ரயிலில் நீங்கள் கடந்துபோகும் வெஸ்ட்மீட் வளாகத்தில் நடந்தது. வெஸ்ட்மீட்டின் அன்னா டிஃபாசியோ, மெல்பேர்ன் பீட்டர் மக்கலம் புற்றுநோய் நிலையத்தின் டேவிட் பௌட்டெல் முதலானோர் சேர்ந்து நடத்திய ஆஸ்திரேலிய சூலகப் புற்றுநோய் ஆய்வுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்து இந்த நாட்டுப் பெண்கள் இரத்தமும் கட்டித் துண்டும் தங்கள் குடும்பக் கதையும் கொடுத்தார்கள். அவர்களில் 92 பேரின் கட்டிகளை முழு மரபணுத் தொகுதியாகப் படித்த கட்டுரை 2015இல் 'நேச்சர்' இதழில் வந்தது. குரோமோசோம் உடைவதாலேயே, கட்டியை அடக்கி வைக்கும் மரபணுக்கள் இரண்டாக முறிந்து செயலிழப்பதை அது காட்டியது. என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. பிஆர்சிஏ பழுதோடு பிறந்த சில பெண்களின் கட்டிகள், மருந்தின் நெருக்கடிக்குள் அந்தப் பழுதைத் தாமே திருத்திக்கொண்டு தப்பியிருந்தன. ஒரே பெண்ணின் உடலில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தன. சாகும் தறுவாயிலிருந்த பெண்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் சம்மதித்ததால்தான் இது உலகுக்குத் தெரிந்தது. அதே வளாகத்திலுள்ள சிறுவர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் ரெடெல்லின் குழு, புற்றுச் செல்கள் தம் குரோமோசோம் நுனிகளைக் காக்கும் மாற்று வழியொன்றை 1990களில் கண்டறிந்தது. இவ்வளவும் நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது. நாமோ வாகனம் நிறுத்த இடமில்லை என்று குறைப்படும்போது மட்டும்தான் வெஸ்ட்மீட்டை நினைக்கிறோம்.

அந்த ஆஸ்திரேலிய சூலகப் புற்றுநோய் ஆய்வில் சேர்ந்த ஆயிரத்தொரு பெண்களைப் பார்த்து 2012இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையின் இரண்டு எண்களை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். அவர்களில் 14 சதவீதம் பேர் பிஆர்சிஏ பழுதோடு பிறந்தவர்கள். அந்தப் பழுதுள்ளவர்களில் 44 சதவீதம் பேர் தங்கள் குடும்பத்தில் மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ இருந்ததாகச் சொல்லவில்லை. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்று நீங்கள் வைத்தியரிடம் உறுதியாகச் சொல்கிறீர்களே, அந்த உறுதிக்கு உள்ள பெறுமதி இவ்வளவுதான்.

நம் நிலை இன்னும் மோசம். என் அப்பாவின் தங்கை யுத்த காலத்தில் ஊரில் இறந்தா. வயிறு வீங்கி, சாப்பாடு இறங்காமல், கடைசியில் தண்ணீரும் இறங்காமல் போனா. வீட்டில் சொன்ன காரணம் 'வயித்துக் கட்டி'. பாதைகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்ட எத்தனை குடும்பங்களால் முடிந்தது? தெல்லிப்பழையில் இன்றிருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கே, 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய தலைமுறையின் நோய்களுக்குக் கோப்பு இல்லை, அறிக்கை இல்லை. பல வீடுகளில் கோப்பு இருந்தது, வீட்டோடு எரிந்தது. இருப்பது பெரியவர்களின் நினைவு மட்டும். அந்த நினைவையும் "இப்ப ஏன் அதைக் கிளறுறாய்" என்று நீங்கள் வாயடைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதில் ஆண்களாகிய உங்களுக்கும் பங்குண்டு. பெண்களின் நோய் அம்மா வழியில்தான் வரும் என்று நம்மில் அநேகர் நினைக்கிறோம். தவறு. பிஆர்சிஏ பழுது அப்பாவிடமிருந்தும் அதே அளவுக்கு, பாதிக்குப் பாதி வாய்ப்பில், பிள்ளைக்கு வரும், மகனுக்கும் மகளுக்கும் சமமாக. அப்பம்மாவுக்கு இருந்தது, நாலு ஆண்பிள்ளைகளுக்குள் ஒன்றும் காட்டாமல் ஒளிந்திருந்து, பேத்தியில் வெளிவரலாம். ஆணுக்கும் அது சும்மா இருப்பதில்லை. குறிப்பாக பிஆர்சிஏ2 பழுது, புராஸ்டேட் புற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆண் மார்பகப் புற்றின் வாய்ப்பையும் கூட்டுகிறது. எனவே "அது பொம்பிளையளின்ர விசயம்" என்று பத்திரிகைக்குள் தலையை விடாதீர்கள், அண்ணன்மாரே. உங்கள் அம்மாவும் அக்காமாரும் எதில் இறந்தார்கள் என்று உங்கள் மகளுக்குச் சொல்ல உங்களைவிட்டால் வேறு ஆளில்லை.

'தெரிந்து என்ன செய்ய' என்று ஒரு கேள்வி வரும். அது பழைய காலத்துக் கேள்வி. பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்ணுக்கு எண்பது வயதுக்குள் சூலகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 44 சதவீதம், பிஆர்சிஏ2 என்றால் 17 சதவீதம். மற்றப் பெண்களுக்கு ஒன்று, ஒன்றேகால் சதவீதம்தான். முன்கூட்டித் தெரிந்தவள், பிள்ளைகள் பெற்று முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள்ளும் குழாய்களையும் சூலகங்களையும் அகற்றிவிட்டால் அந்த வாய்ப்பின் பெரும்பகுதி போய்விடும். அது எளிதான முடிவென்று சொல்லமாட்டேன். மாதவிடாய் அன்றே நின்றுவிடும், உடல் வெக்கை, எலும்புத் தேய்வு என்று தொல்லைகள் உண்டு. ஆனாலும் முடிவெடுக்க ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கிறது. நோய் வந்துவிட்டவளுக்கும் பயன் உண்டு. முற்றிய நோயோடு பிளாட்டினக் கீமோதெரபிக்கு நல்ல பலன் கண்ட, பிஆர்சிஏ பழுதுள்ள பெண்களில் ஒலாபரிப் எடுத்தவர்களையும் போலி மாத்திரை எடுத்தவர்களையும் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒலாபரிப் எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 46.5 சதவீதம். அந்த மாத்திரை இங்கே பிபிஎஸ் என்ற அரசு மானிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதை உங்களுக்குத் தருவதா என்று முடிவெடுக்க வைத்தியருக்கு மரபணுச் சோதனையின் முடிவு வேண்டும். சோதனையைத் தள்ளிப் போடுகிறவர், தெரியாமலே மருந்தையும் தள்ளிப் போடுகிறார்.

அடுத்து, சோதனை செய்தால் காப்புறுதிக்குச் சிக்கல் வரும் என்ற பயம். இதில் உங்கள் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன், அது வெறும் பயமாகவும் இருக்கவில்லை. இந்த நாட்டில் தனியார் மருத்துவக் காப்புறுதி உங்கள் மரபணுவைப் பார்த்துக் கட்டணத்தைக் கூட்ட முடியாது. ஆயுள் காப்புறுதியில்தான் சிக்கல் இருந்தது. 2019 முதல் ஐந்து லட்சம் டாலர் வரையான காப்புறுதிக்கு மரபணு முடிவைக் கேட்பதில்லை என்று நிறுவனங்கள் தாமாகவே ஒரு கட்டுப்பாட்டை ஏற்றன. அது போதாது என்று ஆராய்ச்சியாளர்களும் நோயாளர்களும் தொடர்ந்து போராடினார்கள். ஆயுள் காப்புறுதியில் மரபணு முடிவைப் பாகுபாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்யப் போவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. பாலிசி எடுக்கும் எண்ணமிருந்தால் சோதனைக்கு முன் மரபணு ஆலோசகரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். தினமும் அவர்கள் பதில் சொல்லும் கேள்வி அது.

கலியாணம். மூடி மறைக்க இதுதான் உண்மையான காரணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பேச்சுக்கால் நடக்குது, இந்த நேரத்தில இது வெளிய வரக்கூடாது." சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று இரண்டு வீட்டாரும் மணிக்கணக்காகப் பேசலாம், அம்மம்மா எதில் இறந்தா என்று பேசக்கூடாது! மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அந்தப் பிள்ளையின் விசயம், தான் விரும்பியவனிடம் தான் விரும்பிய நேரத்தில் அவளே சொல்லட்டும். சொல்வதற்கு முதலில் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சம்பந்தம் குழம்பிவிடும் என்று பெற்ற மகளிடமே மறைத்து, அவள் நாற்பது வயதில் மூன்றாம் கட்ட நோயோடு வெஸ்ட்மீட் வாசலில் வந்து நிற்பதற்கு எந்தச் சம்பந்தம் ஈடாகும்?

மூடுவது நம் பண்பாடு என்று சொல்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததை அவர் மறைக்கவில்லை. அந்த இழப்பை ஊரறியச் சொல்லிச் சொல்லியே 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். அஷ்கெனாசி யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட பிஆர்சிஏ1 பழுதொன்று தென்னிந்தியக் குடும்பங்களிலும் இருப்பதை அந்த அடையாறு நிறுவனத்து ஆய்வாளர்களும் கண்டார்கள். அது யூதரின் பிரச்சினை, வெள்ளையரின் பிரச்சினை என்று இருந்துவிட முடியாது.

நாம் ஆய்வுகளுக்கு வெளியே நின்றால் அதன் நட்டமும் நமக்கே. உலகின் மரபணுத் தரவுத் தளங்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் பெண்ணொருத்தியின் பிஆர்சிஏயில் ஒரு மாற்றத்தைக் கண்டால், அது நோய் தருவதா, நம்மவரிடம் சாதாரணமாக இருப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மவர் தரவு போதாது. அறிக்கையில் 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று வரும். அதை வைத்துச் சத்திரசிகிச்சையும் செய்ய முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. இந்தியா பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது, நல்ல தொடக்கம். ஆனால் குரோமோசோம் ஏன், எப்படி உடைகிறது என்பதற்கான விடை நலமானவரின் இரத்தத்தில் இல்லை. அது கட்டிக்குள் இருக்கிறது. நம் பெண்களின் கட்டியை நம் பெண்கள் தந்தாலொழிய யாரும் படிக்க முடியாது.

ஆங்கிலத்தைக் காரணம் காட்டும் பெரியவர்களுக்கு: பொது வைத்தியசாலையில் உரைபெயர்ப்பாளர் இலவசம். தயவுசெய்து பதினாறு வயதுப் பேரப்பிள்ளையை அந்த அறைக்குள் கூட்டிப் போகாதீர்கள். அம்மம்மாவின் கட்டியைப் பற்றி அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? அது பாதியை விழுங்கிவிடும், வைத்தியரும் அறியமாட்டார். உரைபெயர்ப்பாளர் மூலம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சினால் 131 450 என்ற எண்ணில் தொலைபேசி உரைபெயர்ப்பு கேளுங்கள். உங்கள் முகத்தையே காணாத ஒருவர் பேசுவார்.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இப்போது சூலகப் புற்றோடு சிகிச்சையில் இருக்கும் சகோதரியே, அல்லது முன்பு சிகிச்சை பெற்றுத் தேறியவளே, உனக்கு மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று உன் வைத்தியரைக் கேள். தகுதியுள்ளவர்களுக்கு 2017 நவம்பர் முதல் மெடிகேர் அதன் செலவை ஏற்கிறது. அதற்கு முன் சிகிச்சை முடித்தவர்கள் பலர் கேட்கப்படாமலே வீட்டுக்குப் போனார்கள், திரும்பிப் போய்க் கேட்கலாம். பழுது இருக்கிறதென்று வந்தால் வைத்தியசாலை உன் தங்கையைத் தானாக அழைத்துச் சொல்லாது. உறவினருக்குக் கொடுக்க உன் கையில் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் கிடப்பதை நான் அறிவேன். அதை எடு. டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் கோயம்புத்தூருக்கும் கோப்பாய்க்கும் அனுப்பு. சண்டை பிடித்துப் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கும் அனுப்பு, அவனுக்கும் மகள் இருக்கிறாள். குடும்பத்தில் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்குச் சோதனை எளிது, அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். இல்லையென்று வந்தவர்கள் அந்தப் பழுதைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு பெண் படிவத்தோடு வந்து, மிஞ்சும் கட்டித் துண்டை ஆய்வுக்குத் தருவாயா என்று கேட்டால், கணவரின் முகத்தைப் பார்க்காதே. அதற்காகத் தனியாக உடலில் எதையும் வெட்டப் போகிறார்களா என்று கேள், உன் பெயர் எப்படி மறைக்கப்படும் என்று கேள், திருப்தியென்றால் கையொப்பமிடு. நோய் திரும்பி வரும்போது மறுபடி மாதிரி கேட்டால் சலித்துக்கொள்ளாதே, கட்டி முன்பிருந்த கட்டி அல்ல.

நோயில்லாத மற்ற எல்லோரையும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவரோடு, இல்லையென்றால் ஊரில் இருக்கும் பெரியம்மாவோடோ அப்பாவின் அக்காவோடோ வட்ஸ்அப்பில், உட்காருங்கள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார் யார் என்ன வயதில் எந்த வருத்தத்தில் இறந்தார்கள் என்று கேளுங்கள். 'வயித்துக் கட்டி' என்றால் வயிறு வீங்கியதா, பெண்ணா, வயதென்ன என்று கேளுங்கள். மார்பில் புண் வந்தவர்கள், சிறுநீர் அடைப்பில் போன ஆண்கள், எல்லோரையும் கேளுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒன்று. ஒரே வழியில் இரண்டு பேர் கண்ணில் பட்டால் வெஸ்ட்மீட்டின் குடும்பப் புற்றுநோய்ச் சேவைக்கு அனுப்புக் கடிதம் தரச் சொல்லுங்கள். தாளை எப்படி நிரப்புவது என்று தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் என்னைக் கேளுங்கள். பேனா கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வென்ட்வொர்த்விலிலிருந்து உங்கள் அயலவள்